எந்த ஜாவா என்று கேளுங்கள்

(கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வரவு செலவு வாசிப்போம், நன்றி சொல்வோம், காசோலைகளை வழங்குவோம், துஆ ஓதிக் கலைவோம். இந்த ஆண்டு அவற்றுக்கு முன்னால் ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்க வேண்டியிருக்கிறது. அது ஜாவா என்ற கணினி மொழியைப் பற்றியது. "மதரஸாவிலும் பிறகு காலேஜிலும் படித்துவிட்டு அறக்கட்டளைக் கணக்குப் பார்க்கும் மனிதருக்கு ஜாவாவோடு என்ன வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சில ஆண்டுகளாக எங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் "ஜாவா கோர்ஸ் கட்டணம்" என்ற வரி அடிக்கடி வருகிறது. நீங்கள் நம்பித் தந்த பணம் அந்த வரிக்குப் போகிறது. எதற்குப் போகிறது என்று தெரியாமலேயே நாங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அதை முதலில் ஒப்புக்கொள்கிறோம்.

நடந்ததைச் சொல்கிறோம். நம் மஹல்லாவின் மாணவி ஒருத்தி. வாப்பா தள்ளுவண்டியில் பழம் விற்பவர், உம்மா வீட்டில் தையல் மெஷின் போட்டிருப்பவர். ஒரு பயிற்சி நிலையத்தில் ஜாவா படிக்க அந்தப் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் நாங்கள் கொடுத்தோம். மீதிக்கு உம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அது வட்டிக்குப் போன விஷயம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பிள்ளையின் வீட்டில் தாய்மாமன் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. அதில் ஜாவாவை இறக்கிப் போட்டு, உம்மாவின் தையல் கணக்கை ஒரு புரோகிராமாக எழுதினாள். யாருடைய துணி, எவ்வளவு கூலி, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று காட்டும் சின்ன வேலை. வீட்டில் நன்றாக ஓடியது. பென்டிரைவில் போட்டுப் பயிற்சி நிலையத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே ஓடவில்லை. திரையில் ஏதோ எழுத்து வந்து நின்றுவிட்டது. "உன் புரோகிராம் தப்பு, நோட்ஸில் இருப்பதை அப்படியே அடி" என்று சொல்லிவிட்டார்கள்.

பிள்ளை விடவில்லை. திரையில் வந்த எழுத்தை நோட்டில் குறித்துக்கொண்டாள். அதில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று 65, மற்றொன்று 52. அவை என்ன என்று தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "மாமா, என் புரோகிராம் தப்பில்லை. என்னுடையது 21-ஆம் ஜாவா. அங்கே இருப்பது 8-ஆம் ஜாவா. அதுதான் ஓடவில்லை" என்றாள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜாவாவில் எட்டு என்ன, இருபத்தொன்று என்ன? மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலரை இஷா தொழுகைக்குப் பிறகு அழைத்து உட்காரவைத்துக் கேட்டோம். ஒரு நாள் போதவில்லை. சில வாரங்கள் கேட்டோம். அவர்கள் சொல்லிக் கொடுத்ததையும் நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறோம்.

முதலில் ஜாவா என்றால் என்ன?

கணினிக்கு நாம் சொல்ல வேண்டியதை எழுதும் மொழி அது. அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பவரும் அவருடைய தோழர்களும் 1991-இல் இதைத் தொடங்கினார்கள். முதலில் வைத்த பெயர் ஓக். 1995-இல் ஜாவா என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தார்கள். 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது. அன்றிலிருந்து ஜாவாவின் பெரும் பொறுப்பு ஆரக்கிளிடம் இருக்கிறது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரிய வணிகத் தளங்கள் பலவற்றின் உள்ளே வேலை செய்வது ஜாவாதான். நம் பிள்ளைகள் விளையாடும் மைன்கிராஃப்ட் முதலில் எழுதப்பட்டதும் ஜாவாவில்தான்.

இதன் சிறப்பு என்ன? துபாயிலிருந்து வரும் சார்ஜரை நினைத்துப் பாருங்கள். அதன் பின் சதுரமாக இருக்கும். நம் வீட்டுச் சுவரில் இருப்பது வட்டத் துளை. நடுவில் ஒரு அடாப்டர் வைத்தால் சார்ஜர் வேலை செய்யும். ஜாவாவும் அந்த ஏற்பாடுதான். நாம் எழுதும் புரோகிராம் பைட்கோட் என்ற பொது வடிவத்துக்கு மாறுகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் என ஒவ்வொரு கணினியிலும் ஜே.வி.எம். என்ற அடாப்டர் இருக்கிறது. பைட்கோட் அதில் போய்ப் பொருந்துகிறது. ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்று சொல்வது இதனால்தான்.

இந்த அடாப்டருக்கு ஒரு குணம் உண்டு. பழைய பின் புதிய அடாப்டரில் பெரும்பாலும் பொருந்தும். புதிய பின் பழைய அடாப்டரில் பொருந்தாது. பைட்கோட் ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பில் செய்யப்பட்டது என்று ஒரு எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜாவா 8-இன் எண் 52. ஜாவா 21-இன் எண் 65. பழைய அடாப்டர் 65-ஐப் பார்த்ததும், "இது என்னைவிடப் புதிய பதிப்பில் செய்யப்பட்டது, நான் 52 வரைதான் அறிவேன்" என்று சொல்லி நின்றுவிட்டது. திரையில் வந்த எழுத்து அதைத்தான் சொன்னது. அந்த நிலையத்தில் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. பழ வண்டிக்காரரின் மகள் படித்துப் பார்த்தாள்.

இனி இந்தப் பதிப்புகளின் கதையைச் சொல்கிறோம். பெற்றோர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இது.

முன்பெல்லாம் ஜாவாவின் புதிய பதிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆறாம் பதிப்பு 2006-இன் கடைசியில் வந்தது. ஏழாம் பதிப்பு 2011 ஜூலையில்தான் வந்தது. எட்டு 2014 மார்ச்சில், ஒன்பது 2017 செப்டம்பரில். ஒரு பெரிய வேலை முடியும்வரை எல்லா வேலைகளும் காத்துக் கிடந்தன. மாப்பிள்ளை வரவில்லை என்று பந்தியே போடாமல் வைத்திருப்பது போல. 2017-இல் ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்டு ஒரு யோசனை சொன்னார். பஸ் நேரத்துக்குக் கிளம்பட்டும், வந்து சேராதவர்கள் அடுத்த பஸ்ஸில் ஏறட்டும் என்பதுதான் அதன் சாரம். 2018-இலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பு வருகிறது.

எல்லாப் பதிப்பும் நீண்ட நாள் நிற்பதில்லை. பெரும்பாலானவற்றுக்கு அடுத்த பதிப்பு வரும்வரை, ஆறு மாதம்தான் திருத்தம் கிடைக்கும். சிலவற்றை மட்டும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று வைத்துப் பல ஆண்டுகள் பராமரிக்கிறார்கள். சுருக்கமாக எல்.டி.எஸ். என்பார்கள். 2018-இல் வந்த 11, 2021-இல் வந்த 17, 2023-இல் வந்த 21, 2025 செப்டம்பரில் வந்த 25 ஆகியவை அப்படிப்பட்டவை. நிறுவனங்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் நம்பி வேலை செய்கின்றன. 8, 11, 17, 21, 25. இந்த ஐந்து எண்களைப் பெற்றோர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். எட்டாம் ஜாவா வந்தபோது, 2025-இல் காலேஜில் சேர்ந்த பிள்ளை முதல் வகுப்பில் இருந்திருப்பான். அப்போது வந்ததை மட்டும் படித்துக்கொண்டு இன்று நேர்காணலுக்குப் போனால் என்ன ஆகும்? நாங்கள் கட்டணம் கட்டிய இன்னொரு பையனுக்கு அதுதான் ஆனது. "ரெக்கார்டு என்றால் என்ன, விர்ச்சுவல் த்ரெட் என்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தச் சொற்களையே அவன் கேள்விப்பட்டதில்லை. அவன் படிக்காத பிள்ளை இல்லை. அவனுக்குச் சொல்லித் தரப்படவில்லை.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் ஜாவா செத்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றும் எத்தனையோ நிறுவனங்களின் பழைய வேலைகள் அதில் ஓடுகின்றன. அதில் கற்ற அடிப்படை வீண் போகாது. பழையதைத் தெரிந்த பிள்ளைக்குப் புதியதைக் கற்பது கடினமும் அல்ல. ஆனால் முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு அதோடு நிறுத்திக்கொள்வதும், அதுதான் ஜாவா முழுவதும் என்று பிள்ளையை நம்பவைப்பதும் சரியா என்பதுதான் எங்கள் கேள்வி.

புதியதில் அப்படி என்ன இருக்கிறது என்று நாங்களும் கேட்டோம். மூன்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது ரெக்கார்டு. இது 2021 மார்ச்சில் வந்த 16-ஆம் பதிப்பில் உறுதியானது. நம் அறக்கட்டளை ரசீதில் பெயர், தொகை, தேதி என்று மூன்று விவரம் இருக்கிறது. ஒரு ரசீதை ஜாவாவில் எழுதிக் காட்டப் பழைய முறையில் பல வரிகள் வேண்டும். பெயரைக் கேட்டால் தருவதற்கு ஒன்று, தொகைக்கு ஒன்று, இரண்டு ரசீதும் ஒன்றா என்று பார்க்க ஒன்று என நீண்டுகொண்டே போகும். இப்போது ஒரே வரியில் ரசீது என்றால் இந்த மூன்றும் என்று சொல்லிவிடலாம். மீதியை ஜாவாவே பார்த்துக்கொள்ளும். எழுதிய ரசீதைப் பிறகு மாற்றவும் முடியாது. கணக்கு எழுதுகிற எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாவது விர்ச்சுவல் த்ரெட். இது 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பில் உறுதியானது. நம் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு எழுத்தர் என்று வைத்தால், ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போய் வரும்வரை அவருடைய எழுத்தர் சும்மா உட்கார்ந்திருப்பார். நூறு பேர் வந்தால் நூறு எழுத்தருக்கு எங்கே போவது? பழைய ஜாவாவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு த்ரெட் என்று வைத்தால் இந்தச் சிக்கல்தான் வரும். கணினியின் நினைவகம் அதிலேயே தீரும். புதிய ஏற்பாட்டில், ஒருவர் ஜெராக்ஸ் எடுக்கப் போனதும் எழுத்தர் அடுத்தவரைக் கவனிப்பார். முதலாமவர் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நான்கைந்து எழுத்தரை வைத்துக்கொண்டே பெரும் கூட்டத்தைச் சமாளிக்கலாம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து கேட்கும் தளங்களுக்கு இது பெரிய உதவி.

மூன்றாவது, புதிதாகப் படிக்க வருபவர்களுக்கானது. ஜாவா படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் "பப்ளிக் ஸ்டாடிக் வாய்டு மெயின்" என்று ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்வார்கள். திரையில் ஒரு சலாம் எழுதுவதற்கே அந்த வரி வேண்டும். அதன் பொருள் புரிய மாதக் கணக்காகும். முதல் நாளே புரியாத வரியை எழுதவைப்பது பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது என்று ஜாவாவைச் செய்பவர்களே உணர்ந்து, 2025-இல் வந்த 25-ஆம் பதிப்பில் அதைச் சுருக்கிவிட்டார்கள். இப்போது இரண்டு மூன்று எளிய வரிகளில் முதல் புரோகிராமை எழுதலாம். மீதிச் சொற்களைத் தேவை வரும்போது கற்றுக்கொள்ளலாம்.

புதியன வருவது போலப் பழையன கழிவதும் உண்டு. ஆப்லெட் என்று ஒன்று இருந்தது. இணையப் பக்கத்துக்குள் ஓடும் சிறு ஜாவா புரோகிராம். 2017-இல் 9-ஆம் பதிப்பு வந்தபோதே இனி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். 2021-இல் 17-ஆம் பதிப்பில் இது நீக்கப்படப் போகிறது என்றும் குறித்துவிட்டார்கள். இணைய உலாவிகளும் அதற்கு இடம் தருவதை நிறுத்திவிட்டன. அந்தப் பயிற்சி நிலையத்தின் நோட்ஸை வாங்கிப் பார்த்தோம். ஆப்லெட்டுக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. அந்த அத்தியாயத்துக்கும் சேர்த்துத்தான் உங்கள் பணத்தில் கட்டணம் கட்டியிருக்கிறோம்.

இதில் எங்கள் மனதைத் தொட்ட இன்னொரு செய்தி உண்டு. ஜாவாவில் புதிதாக ஒன்றைச் சேர்க்க நினைத்தால் அதை எண்ணிட்ட முன்மொழிவாக எல்லாரும் பார்க்க வெளியிடுகிறார்கள். பெரிய மாற்றம் என்றால் முதலில் முன்னோட்டமாகத் தருகிறார்கள். தையற்காரர் சட்டையை முழுதாக முடிக்குமுன் ட்ரையல் பார்க்கச் சொல்வது போல. விர்ச்சுவல் த்ரெட்டே 19, 20 ஆகிய இரண்டு பதிப்புகளில் முன்னோட்டமாக இருந்து, பிறகு 21-இல்தான் உறுதியானது. ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் என்று இன்னொன்றும் 21-இலும் 22-இலும் முன்னோட்டமாக வந்தது. அமைப்பு சரியாக வரவில்லை என்று கண்டதும் 23-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். உலகமே பார்க்கக் கொடுத்ததை, சரியில்லை என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவர்களே அதற்கு வெட்கப்படவில்லை. அதைப் படித்த பிறகுதான் எங்கள் தவறையும் இந்த மேடையில் சொல்லும் தைரியம் எங்களுக்கு வந்தது.

அடுத்து, இங்கே வந்திருக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. ஜாவா இலவசமா, காசு கொடுத்து வாங்குவதா என்று பலருக்குக் குழப்பம். இரண்டும் உண்டு. சன் நிறுவனம் 2006-இலிருந்து ஜாவாவின் மூலத்தை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஜே.டி.கே. அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. டெமுரின், அமேசானின் கரெட்டோ, மைக்ரோசாஃப்டின் தொகுப்பு ஆகியவை அந்த மூலத்திலிருந்து செய்து இலவசமாகத் தரப்படுபவை. ஆரக்கிள் தன் பெயரில் தரும் தொகுப்புக்கு மட்டும் தனி நிபந்தனைகள் உண்டு. 2019-இல் வணிகத்துக்குக் கட்டணம் என்றார்கள். 2021-இல் 17-ஆம் பதிப்புக்கு அதைத் தளர்த்தி, அடுத்த எல்.டி.எஸ். வந்து ஓராண்டு வரை வணிகத்துக்கும் இலவசம் என்றார்கள். 17-க்கான அந்தத் தவணை 2024 செப்டம்பரோடு முடிந்தது. அதன் பிறகு வரும் திருத்தங்களை வணிகத்துக்கு எடுத்தால் கட்டணம் உண்டு.

2023 ஜனவரியில் அந்தக் கட்டணம் கணக்கிடும் முறையும் மாறியது. எத்தனை கணினியில் ஜாவா இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நிறுவனத்தில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 15 டாலர் என்று அப்போது விலை சொன்னார்கள். நாற்பது பேர் வேலை செய்யும் கடையில் இரண்டு கணினியில்தான் ஜாவா இருக்கிறது என்றாலும் நாற்பது பேருக்கும் கணக்கு. ஆகவே கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் சகோதரர்கள், அதைப் போட்டுக் கொடுத்தவரிடம் "இதில் இருப்பது யாருடைய ஜாவா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிறர் பொருளை நிபந்தனை மீறிப் பயன்படுத்துவதும் நமக்கு ஆகாது. தேவையில்லாத இடத்தில் பணம் கொடுப்பதும் நமக்கு ஆகாது.

அதோடு, திருத்தங்களைப் போட்டுக்கொள்ளச் சோம்பல் படாதீர்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜாவாவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற, ஜாவா புரோகிராம்களில் பரவலாகப் பயன்படும் ஒரு துணைக்கருவியில் பெரிய ஓட்டை வெளியில் வந்தது. ஆபத்தை அளக்கும் அளவுகோலில் பத்துக்குப் பத்து. அதை அடைக்க உலகமெங்கும் நிறுவனங்கள் இரவும் பகலும் ஓடின. அந்தக் கருவியைப் பராமரித்து வந்தவர்கள் சில தன்னார்வலர்கள். பள்ளிவாசலில் பாய் விரித்து, தண்ணீர் நிரப்பி, விளக்கு அணைத்துவிட்டுப் போகிறவரை நாம் கவனிப்பதில்லை. அவர் ஒரு நாள் வராவிட்டால்தான் தெரியும். கணினி உலகத்திலும் அப்படிப்பட்டவர்களின் தோளில்தான் பெரிய பெரிய வேலைகள் நிற்கின்றன. நம் பிள்ளைகளும் ஒரு நாள் அந்தத் தோள்களில் சேர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

சில பெற்றோர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். "இப்போது செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதித் தருகிறதாமே, பிள்ளை எதற்குப் படிக்க வேண்டும்?" நம் இளைஞர்களிடம் இதையும் கேட்டோம். "அது எழுதித் தருவதை வாசித்துப் பார்த்து, இது எந்தப் பதிப்புக்கு எழுதியது, இங்கே ஓடுமா, இதில் என்ன பிழை என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும்" என்றார்கள். திரையில் வந்த இரண்டு எண்களைப் படித்துப் புரிந்துகொண்டாளே அந்தப் பிள்ளை, அந்தப் பழக்கம்தான் வேண்டும் என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

இனி, அறக்கட்டளை எடுத்திருக்கும் முடிவுகள்.

ஒன்று. இனிமேல் எந்தக் கணினிப் பயிற்சிக்கும் பாடத்திட்டத்தைப் பார்க்காமல் கட்டணம் வழங்க மாட்டோம். அதைப் பார்த்துச் சொல்ல நம் இளைஞர்கள் மூவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர்களும் சேர்க்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். எந்தப் பதிப்பு ஜாவா? பாடத்தில் ஆப்லெட் இன்னும் இருக்கிறதா? பிள்ளை தானாக ஒரு புரோகிராம் செய்து முடிக்க இடம் உண்டா? வேலை வாங்கித் தருவோம் என்பதை எழுத்தில் தருவீர்களா? நான்குக்கும் நேரான பதில் வந்தால் சேருங்கள். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று பதில் வந்தால் ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு. கட்டணம் கட்டும் முன், இலவசமாக இருப்பதில் இரண்டு மாதம் படித்துப் பார்க்க வேண்டும். ஜாவாவை இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. அதைச் செய்பவர்களே பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். திட்டத்தில் ஜாவா பாடம் இருக்கிறது. காணொளி பார்ப்பது இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் உண்டு. அதை நாங்கள் கட்டுகிறோம். இரண்டு மாதம் தானாகப் படிக்கும் பிள்ளைக்குப் பிறகு எந்த வகுப்பு தேவை என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும்.

மூன்று. படிப்புக்காக எந்தக் குடும்பமும் நகையை வட்டிக்கு வைக்க வேண்டாம். முதலில் எங்களிடம் வாருங்கள். வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க ஒரு சிறு நிதியை ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளை வேலைக்குப் போன பிறகு தவணையில் திருப்பித் தந்தால் போதும். அந்தப் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். வெட்கப்பட்டுக்கொண்டு அடகுக்கடைப் படி ஏறுவதைவிட எங்கள் படி ஏறுவது நல்லது.

நான்கு. அறக்கட்டளைக் கட்டடத்தின் மாடி அறையை மஃரிபுக்குப் பிறகு கணினி அறையாகத் திறக்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை தனி நேரம். அங்கே உள்ள எல்லாக் கணினிகளிலும் நடப்பு எல்.டி.எஸ். ஜாவாதான் இருக்கும். ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிதாக என்ன வந்தது என்று நம் பிள்ளைகளே ஒரு மணி நேரம் பேசுவார்கள். பெற்றோரும் வந்து உட்காரலாம். தேநீர் உண்டு.

அந்தப் பயிற்சி நிலையத்துக்கு நேரில் போய்ப் பேசினோம். சண்டைக்குப் போகவில்லை. "பிள்ளை செய்தது சரி, உங்கள் கணினி பழையது" என்று நோட்டில் இருந்த இரண்டு எண்களையும் காட்டிச் சொன்னோம். பார்க்கிறோம் என்றார்கள். நாங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே படித்துக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளுக்கு விடுபட்ட பகுதிகளை மாடி அறையில் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். வளையலை மீட்டு அந்த உம்மாவின் கையில் கொடுத்துவிட்டோம். அதற்கு நன்கொடைப் பணத்தைத் தொடவில்லை. பிழை நிர்வாகிகளுடையது என்பதால் நிர்வாகிகளே தங்களுக்குள் போட்டுக் கொடுத்தோம்.

ஞாயிறு வகுப்பை நடத்தப் போவது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நாங்களே சொல்கிறோம். உம்மாவின் தையல் கணக்கை எழுதிய அந்தப் பிள்ளைதான். சின்னவர்களுக்கு முதல் பாடத்தை அவள் எடுக்கிறாள். "பப்ளிக் ஸ்டாடிக் வாய்டு மெயினை முதல் நாள் சொல்லித் தர மாட்டேன் மாமா" என்று இப்போதே நிபந்தனை போட்டிருக்கிறாள். ஒப்புக்கொண்டோம்.

சகோதரர்களே, சகோதரிகளே! ஒரு சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் கல்வி முடிந்தது என்று நாம் நினைத்திருந்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் மொழி ஒன்று அப்படி இல்லை என்று நமக்குச் சொல்லித் தருகிறது. பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். திரையில் வருவதைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எந்த ஜாவா?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிறதோ இல்லையோ, தன் படிப்பை வீட்டில் ஒருவர் விசாரிக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும்.

இப்போது காசோலைகளை வழங்குவோம். இந்த முறை கணினிப் படிப்புக்கு வந்த விண்ணப்பங்களில் சிலவற்றை நிறுத்தி வைத்திருக்கிறோம். அவர்கள் மனம் வருந்த வேண்டாம். பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் வாருங்கள். சேர்ந்து பார்ப்போம். இன்ஷா அல்லாஹ், எந்தப் பிள்ளையும் பணம் இல்லை என்பதற்காக வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும்.